வெட்டிய பூட்டைப் பற்றி

அன்புள்ள மேஸ்திரிக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் உயிரோடு, ஓரளவு நலமாகவும் இருக்கிறோம். நீ நலம் என்பது பெரியம்மா சொல்லித் தெரியும். எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறாய், இருமல் நின்றுவிட்டது, கணக்கில் முதல் மூன்று பேருக்குள் வந்துவிட்டாய் என்று வாராவாரம் அறிக்கை வந்துவிடுகிறது. நீயாகச் சொல்லித் தெரிந்தது என்று ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஏழு கேள்வி கேட்டால் உம், ம்ஹும், சரிப்பா என்று மூன்று பதில்தான் கிடைக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் டூல் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கட்டடம் ஆடுகிறது என்று நினைக்காதே, கை அசந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். தம்பிகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. மூத்தவனுக்கு சைரன் என்றும் இளையவனுக்கு சாட்சி என்றும் அம்மா பெயர் வைத்திருக்கிறாள். முதலாமவன் கத்துவான், இரண்டாமவன் கண்ணைக்கூட இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இருவரும் சேர்ந்து தூங்கினால் அன்றைக்கு வீட்டில் திருவிழா, ஆனால் கொண்டாட எங்களுக்குத் தெம்பு இருப்பதில்லை. நேற்று நான் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "என்னப்பா, ரெண்டு பக்கமும் அழுக்காகட்டும்னு திருப்பிப் போட்டியா?" என்றார். அம்மாவுக்கு இடுப்புவலி குறைந்திருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அவள் நாள் முழுக்க நடந்துகொண்டுதான் இருக்கிறாள், என்ன, எல்லாம் தொட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில்.

போன ஞாயிறு நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். தம்பிகள் பிறக்கும்வரை அம்மா படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் உன்னை ஒரு வருடம் பெரியம்மா வீட்டில் விட்டோம், அந்த வருடம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, பெரியம்மா இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்கிறாள், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். "நீங்களே முடிவு பண்ணுங்கப்பா" என்று போனை வைத்துவிட்டாய். பன்னிரண்டு வயதுப் பெண் சொல்கிற பதிலா அது? எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அம்மா துணி மடிக்க உட்கார்ந்தாள், உன் பழைய பாவாடை ஒன்றையே மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடித்தாள். அதன்பிறகுதான் நான் மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லித் தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு விடுமுறை நாளில் உன்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா? மெயின் சுவிட்சில் என் பூட்டையும் சிவப்பு அட்டையையும் மாட்டியதைப் பார்த்து எதற்கு என்று கேட்டாய். உள்ளே ஒருத்தன் கை இருக்கிறது, யாரும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது, பூட்டினவன்தான் திறக்க வேண்டும், ஃபோர்மேனே வந்தாலும் தொடக் கூடாது என்றேன். நீ விடவில்லை. "அவர் மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா? செத்துப் போயிட்டா?" என்று குடைந்தாய். அப்படி ஆனால் ஆள் உள்ளே இல்லை என்று நன்றாகப் பார்த்துவிட்டு ஃபோர்மேன் பூட்டை வெட்டலாம், ஆனால் அந்த ஆள் திரும்பவும் வேலையில் கை வைப்பதற்குள் அவனிடமே சொல்லியாக வேண்டும் என்றேன். அன்றிலிருந்து நம் வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குக்கூடப் பூட்டு விழ ஆரம்பித்தது.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பால்கனிப் பக்கத்து ஸ்டோர் ரூமைப் பூட்டி, "வேலை நடக்கிறது, தொடாதே" என்று உன் கையெழுத்தில் அட்டை மாட்டிவிட்டுப் போனாய். சாவியை உன்னோடே எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உள்ளே உன் ஊர் இருந்தது. நாம் இரண்டு வருடம் ஞாயிறு ஞாயிறாகப் பிளைவுட் பலகைமேல் அட்டையும் தீப்பெட்டியும் வைத்துக் கட்டிய ஊர். கூரை ஒட்டினால் பசை காயும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் எனக்குக் கொடுத்த வேலை. ஒருநாள் பிடித்தபடியே நான் தூங்கிப்போய், "மேஸ்திரி வேலை பாக்கிறேன், சித்தாள் குறட்டை விடுது" என்று நீ அம்மாவிடம் புகார் கொடுத்தாய். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் பொம்மை மோட்டாரும் நூற்கண்டும் வைத்து லிஃப்ட் ஓடவிட்டோமே, அது நிற்க வேண்டிய மாடியில் சரியாக நிற்காமல் போனதற்கு என்னை எத்தனை பேச்சுப் பேசினாய்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தம்பிகளின் இரட்டைத் தள்ளுவண்டியை வைக்க இடம் இல்லை. வாசலில் வைத்தால் மேல்வீட்டுக்காரர் இடித்துக்கொண்டு கத்துகிறார். உன் ஸ்டோர் ரூமைத் திறக்க நான் வேலையிடத்திலிருந்து போல்ட் கட்டரைக் கொண்டுவந்தேன். அம்மா, "ஏங்க, அது அவ பூட்டுங்க, அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். ஒரு குட்டிப் பூட்டுக்காக வீட்டையே முடக்கிப் போட முடியுமா என்று சொல்லி வெட்டிவிட்டேன். பலகையைச் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்தேன். சாய்த்தால் சரியும் என்று தெரியாதா எனக்கு? அசதியில் யோசிக்கவில்லை. ஊர் முழுக்கத் தரையில் வந்து விழுந்தது. பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் நசுங்கிப்போயின, ஆஸ்பத்திரி லிஃப்டின் மோட்டார் கழன்றுவிட்டது, தண்ணீர்த் தொட்டியை நானே மிதித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வராது, ஒரு தடவை சொன்னதையே இரண்டாக எடுத்துக்கொள். ஒட்டிச் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். எது எங்கே இருந்தது என்று உனக்குத்தானே தெரியும். ஒரு துண்டுகூட விடாமல் பொறுக்கி அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அந்த ஊருக்குள் நீ கட்டியிருந்த நம் வீடு மட்டும் உடையவில்லை. கூரை கழன்று உள்ளே தெரிந்தது. தீப்பெட்டியில் ஐந்து கட்டில் செய்து பென்சிலால் எழுதியிருந்தாய். எங்கள் அறையில் அம்மா, அப்பா. உன் அறையில் பாப்பா ஒன்று, பாப்பா இரண்டு. "நான்" என்று எழுதிய கட்டில் சமையலறையில் மேசைக்கு அடியில் இருந்தது. அப்போது தம்பிகள் பிறக்கவே இல்லை, ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்ததோடு சரி. அவர்களை எங்கே படுக்கவைப்பது என்று நாங்கள் யோசிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, நீ அளந்து முடித்து உன்னை மேசைக்கடியில் தள்ளிவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறாய். டேப்பை எடுத்து உன் அறையை அளந்தேன். உன் கணக்கு சரிதான், இரண்டு தொட்டிலும் உன் கட்டிலும் சேர்ந்து அங்கே அடங்காது. அளவெடுப்பதுதான் என் பிழைப்பு, என் மகள் தனக்கு வீட்டில் இடம் இல்லை என்று அளந்து வைத்திருப்பது எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே தொட்டில் இரண்டையும் உன் அறையிலிருந்து எங்கள் அறைக்கு மாற்றினேன். பீரோவைக் கூடத்துக்குத் தள்ளினோம். இப்போது எங்கள் அறையில் பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது, "நண்டு வளர்க்கிற வீடு மாதிரி ஆயிடுச்சு" என்று அம்மா சிரிக்கிறாள். உன் அறை காலி. உன் கட்டில், உன் மேசை, பலகை, அந்த அட்டைப் பெட்டி, வேறு ஒன்றும் இல்லை. நீ அங்கேயே இன்னொரு வருடம் இருந்தாலும் அதில் யாரையும் படுக்கவைக்க மாட்டோம். உனக்கு அங்கே தோழிகள் இருக்கிறார்கள், பெரியம்மா உன்னைத் தாங்குகிறாள், இங்கே கூச்சலும் ஈரத்துணியும்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் இடம் இல்லை என்கிற காரணத்துக்காக நீ தங்கக் கூடாது. வேறு எந்தக் காரணமானாலும் வாயைத் திறந்து சொல், நான் கேட்கிறேன், குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

நகத்தைக் கடிக்காதே. ஈரத்தலையோடு படுக்காதே. பெரியம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடு. பெரியப்பா டிக்கெட் எடுக்க வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும், அதை மறந்துவிடாதே. நோய்நொடி இல்லாமல், மனசில் குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கும் அம்மாவுக்கும் வேண்டுதல் என்று வேறு கிடையாது.

இதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். சாட்சியை இடுப்பில் வைத்துக்கொண்டே முழுசாகப் படித்தாள். "எல்லாம் எழுதியிருக்கீங்க, பொண்ண வரச்சொல்லி ஒரு வார்த்தை எங்கயும் இல்லையே" என்றாள். முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லைதான்.

வா.

அப்பா