அடையாள அட்டை யார் கையில்?

என் பாசத்துக்குரிய புஷ்பம் அக்காவுக்கு,

நீ காய்ச்சலில் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் மகள் தர்ஷினி. நாம் கூட்டிப் பெருக்கிய அதே கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் அவளும் வேலைக்கு வந்திருக்கிறாள். பதறாதே, முழுசாகக் கேள்.

முதல் நாளே கம்பனிச் சுப்பவைசரிடம், அவர் கேட்காமலேயே, அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். "நீங்களே வச்சுக்கங்க சார், பத்திரமா இருக்கும்." தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் எங்கே போகும்? ஒழுகுகிற லயத்து வரிசை வீட்டில் நனைந்துவிடும் என்று பிறப்புச் சான்றிதழைக்கூடத் தோட்ட ஆபீசில் கொடுத்து வைத்தவர்கள்தானே நாம்.

அதே நினைப்பில்தான் நாம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத் துப்புரவுக் கம்பனி கேட்டதும், நம் பதினோரு பேருடைய அட்டைகளையும் நானே சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா செத்த செய்தி வந்தபோது நீ அட்டையைக் கேட்டு நின்றாய். "ஒப்பந்தம் முடியட்டும்" என்றார்கள். அட்டை இல்லாமல் போனால் பொலிஸ் பிடிக்கும் என்று மிரட்டி, நாம் தங்கியிருந்த இடத்துக் கேட்டையும் பூட்டினார்கள். பெற்ற தாயின் முகத்தை நீ பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளாவது என்னைக் குத்திக்காட்டினாயா? திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நீ கண்ணை மூடிய பிறகு, கம்பனி எங்களை எப்படி நடத்துகிறது என்று விசாரிக்க ஆஸ்பத்திரியே ஒரு அதிகாரி மிஸ்ஸை அனுப்பியது. முதல் தடவை சுப்பவைசர் பக்கத்திலேயே நின்றார். நாங்களும் தோட்டத்துத் தொரை வந்தது மாதிரி, "எல்லாம் நல்லா இருக்குங்க மிஸ்" என்று ஒரே குரலில் பாடினோம். மிஸ் விடவில்லை. தமிழ் தெரிந்த ஒருத்தியோடு மறுபடி வந்து, ஒவ்வொருத்தியாகத் தனியே கேட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தக் கிழமையே அட்டைகள் எங்கள் கைக்கு வந்தன. தொழிலாளியின் அட்டையைப் பிடித்து வைக்கிற கம்பனிக்கு அங்கே இனி வேலை கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அதனால்தான் தர்ஷினி நீட்டியதும் சுப்பவைசர் சூடு பட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "அனே, எபா நங்கி! வேணாம் தங்கச்சி, என் வேலை போயிரும்!" எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை அக்கா.

நேற்று லீவு. "வீட்டுக்குப் போயிட்டு வாறேன் சித்தி" என்று கிளம்பினாள். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. நம் ஊர்ப் பக்கம் போகிற நிவித்திகல பஸ்ஸில் ஏறிவிட்டதாகப் போன் பண்ணினாள். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவு உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

இன்னும் முடியவில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கம்பனியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பூட்டிய கேட்டுக்குள் இருக்கிறார்களாம். அடுத்த கிழமை மிஸ்ஸோடு நானும் போகிறேன். அவர்கள் சட்டென்று வாய் திறக்க மாட்டார்கள். அதனால் முதலில் என் கதையைச் சொல்வேன்: "அட்டைகளச் சேத்துக் குடுத்தது நான்தான். அதனால எங்க அக்கா அம்மா சாவுக்குப் போக முடியல." நீ உயிரோடிருந்தபோது உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களிடம் சொல்வேன். கடைசிப் பிள்ளையும் தன் அட்டையோடு வெளியே வரும்வரை போய்க்கொண்டே இருப்பேன், சத்தியம்.

என்றும் உன் சித்தி மகள்,
ராணி