என் மடியில் உட்காராத பிள்ளை

இன்று காலை நம் கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, வேப்பமரத்தில் கட்டியிருந்த தூளிக்குள் பிள்ளை சிணுங்கியதும் களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நான் தடுக்கவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்? அங்கேயே எனக்கு உன்மேல் பழைய கோபம் வந்தது, தங்கச்சி. நீ செத்து இரண்டு வருடமாகியும் அது குறையவில்லை.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் நீ பெற்ற பிள்ளை, மணி அடித்தால்தான் பால் குடித்தாள். நீ கொழுந்து பறிக்கப் போகையில் அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போவாய். அங்கே அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே ஒரு கிழவி. இதையெல்லாம் பெருமையாகக் கடிதத்தில் எழுத வைத்தாய். பள்ளிக்கூடம் போகாமல், கடைப் பொட்டலத் தாளில் எழுத்துக்கூட்டிக் கற்றவன் நான். அதை வாசித்த அன்று, படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த கடிதத்தில், பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் வந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாய். நம் குலசாமி பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கேதான் காது குத்துவது. பிள்ளையை இங்கே கொண்டு வா என்று எழுதினேன். துரை லீவு தரமாட்டார் என்றாய். அப்படியானால் குத்தாதே என்றேன்.

நீ குத்திவிட்டாய்.

அவளுக்கு ஐந்து வயதானபோது நீயும் அவளும் மொரப்பூரில் ரயிலிறங்கி வந்தீர்கள். அவள் காதில் வளையம் ஆடியது. மறுநாள் காலை உன் அண்ணி களி கிண்டி இறக்கினாள். பிள்ளை தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"ஏங்கண்ணு நிக்கிற? வந்து உக்காரு."

"எம்பேரு இன்னும் கூப்பிடலீங்களே."

அண்ணி சிரித்துவிட்டாள். நம் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டில் போய் உட்கார்ந்து தின்கிறவை நம் பிள்ளைகள். சொந்த மாமன் வீட்டில் ஒரு பிள்ளை, பிள்ளைக் காம்பராவில் நிற்கிற மாதிரி, பேர் கூப்பிடட்டும் என்று காத்து நிற்கிறது!

அப்போதுதான் கேட்டேன். "யாரு மடியில வெச்சுக் காது குத்துன?"

"எங்க வீட்டுக்குப் பக்கத்துக் காம்பரா அண்ணன் மடியில."

"எந்த ஊர்க்காரன்?"

"எந்த ஊரா இருந்தா என்னா? புள்ளைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு மலையிறங்கி ஓடுனது அவருதான். நீ எங்க இருந்தண்ணா, குலசாமிக்குக் காவலா? குத்தாதன்னு ஒரு வரி எழுதுன. கையெழுத்து நல்லாத்தான் இருந்துச்சு."

நீ பிள்ளையைத் தூக்கி என் முன்னால் நீட்டினாய்.

"சரி, இப்ப உக்கார வெச்சுக்கோ. வேணும்னா இன்னொரு ஓட்டை போட்டுக்கோ."

அவள் கால்கள் அந்தரத்தில் தொங்கின. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டேன். பொழுது சாய்ந்து வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. போக்குவரத்து நின்றது. காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று உன் புருஷன் எழுதினான். எப்படியாவது பிள்ளையை அனுப்பு, நான் வளர்க்கிறேன் என்று உடனே பதில் போட்டேன். அதற்கு அவளே தன் கையால் பதில் எழுதினாள். 'ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தாள். "எனக்கு இங்கே மாமா இருக்கிறார். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த ஊர் அவளை அப்படி வளர்த்தது. நானும் தப்புச் செய்யவில்லை. தாய்மாமன் உயிரோடு இருக்க இன்னொருவன் மடி எதற்கு? இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? கூடப் பிறந்தவள்தானே நீ? அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே காடுவரை வந்திருக்கலாம். இன்னொரு தடவை நீட்டியிருக்கலாம். இரண்டாம் தடவை வாங்கியிருப்பேன். நீ ஒரே ஒரு தடவைதான் கேட்டாய். அதை நான் மன்னிக்கவில்லை.