நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு

7 ஜூன் 1964, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் உலரவில்லை. என் வீட்டுக்காரர் ரோஜே தன் ஆபீஸ் சட்டையை மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் காக்கிறார்.

பள்ளியில் கீழ்ப்பிரிவு நேற்றோடு முடிந்தது. வருஷா வருஷம் இதே கூத்து. மேல்நிலைப் பிரிவுக்குப் போக வேண்டிய இடத்தில் பாதிப் பெண்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ஒருத்தி தையலுக்கு, ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள, ஒருத்தி கல்யாணத்துக்கு. நான் பிரஞ்சு வாத்திச்சி, எனக்கேன் இந்த வம்பு என்று தலைமையாசிரியை கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் எரிச்சலாக வருகிறதே, அதை என்ன செய்ய?

இந்த வருஷம் போகிறவள் பரிதா. பென்-தான் சந்தைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் மஸ்தான் பாயின் மகள். தாய் இல்லாத பெண். கணக்கில் புலி, வியத்நாமியக் கட்டுரையில் மட்டும் எலி. "வாப்பா போதும்னுட்டாங்க, மதாம். இனி கடையில உக்காரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அழவில்லை.

10 ஜூன்

மஸ்தான் பாய் கடைக்குப் போனேன். நாற்காலி போட்டார், எலுமிச்சைச் சாறு வரவழைத்தார், மரியாதைக்குக் குறைவில்லை. மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்கிறார். வகுப்பிலேயே முன்வரிசை மார்க்கு என்று சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எவ்வளவு கத்தியும் பிரயோசனமில்லை, தோற்றுத்தான் திரும்பினேன்.

அந்த மனிதருக்கு என்னதான் குறை? கஞ்சத்தனமும் இல்லை, மகள் மேல் உயிரே வைத்திருக்கிறார். பிறகு ஏன்?

14 ஜூன், ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

மாதாகோயில் பூசை முடிந்ததும் ரோஜேயையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஆம்பிளைக்கு ஆம்பிளை பேசினால் ஒருவேளை ஏறுமோ என்று. மஸ்தான் பாய் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏழாவதுல சேர்ந்தப்ப கடைத்தெரு பூரா மிட்டாய் குடுத்தேன், மதாம். மறு வருஷம் ஆறாவதுன்னுச்சு. சரி, புள்ள தடுமாறுதுன்னு விட்டேன். அப்புறம் அஞ்சு. அப்புறம் நாலு. இப்ப மூணாவதாம். இன்னும் எம்புட்டுதான் எறங்குறது? பள்ளிவாசல்ல எவனாச்சும் கேட்டா, பேச்சை மாத்திட்டு வந்துடுறேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன். அடுத்த நொடியே அழுகை வரும்போல் ஆகிவிட்டது. இந்த ஊரில் பிரஞ்சுக்காரன் பழக்கப்படி வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுகிறோம். ஏழாவதில் நுழைந்து, ஒன்றாவதில் படித்து முடிப்பது. எங்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி, சொல்லவே தோன்றாது. இவருக்கு வியத்நாமிய எண்கள் அத்துப்படி, பள்ளிக்கூடம் மட்டும் தெரியாது. வீட்டுக்காரி இருந்தவரை அந்த விவகாரமெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். தெரிந்தவர்களைக் கேட்கலாம் என்றால் வெட்கம். இத்தனை வருஷமாக மகளின் தோல்வியை மனதுக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டு துணி அளந்திருக்கிறார்!

எடுத்துச் சொன்னேன். தாளில் ஏணி போட்டுக் காட்டினேன். நம்பவில்லை.

"நீங்க நல்ல மனசுக்காரவுங்க, மதாம். புள்ளயும் இதே கதையத்தான் சொல்லுச்சு. தோத்துட்டுக் கதை சொல்லாதேன்னு அதட்டி வச்சிருக்கேன்."

அதுவரை துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ரோஜே, ஏதோ சாவகாசமாகக் கேட்பதுபோல் கேட்டார்: "பாய், ஊர்லேருந்து இங்க வந்தப்ப கப்பல்ல எந்தக் கிளாஸ்?"

"மூணாங் கிளாஸ்தான். நமக்கு வேற எது?"

"ஒண்ணாங் கிளாஸ்ல யாரு?"

"தொரைமாருங்க..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அளவுகோல் கையிலேயே இருந்தது.

பரிதா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. ஆனால் மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீ சொன்னது நெசந்தானா, புள்ள?" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒப்புக்கொண்டார். வியாபாரி ஆயிற்றே, நிபந்தனை இல்லாமலா? ஒரு வருஷம் தவறினாலும் கடைதான். தவற மாட்டாள் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் ரோஜேயைத் தாங்க முடியவில்லை. தான் மந்திரியாகியிருக்க வேண்டியவராம்.

13 செப்டம்பர் 1964, ஞாயிறு

தெருவில் மறுபடியும் டாங்கிகள், ராணுவக் கலகமாம். நாளைக்கு வகுப்பு இருக்குமோ என்னவோ. பரிதா மூன்றாவதில் சேர்ந்துவிட்டாள், அது போதும்.

21 நவம்பர் 1965, ஞாயிறு

எங்கள் சாப்பாட்டு மேசை இப்போது சாப்பாட்டுக்குக் கிடைப்பதில்லை. ஞாயிறானால் பரிதாவும் அவள் வகுப்புத் தோழி பொலேத்தும் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். பொலேத்தின் அம்மா வியத்நாமியர், அப்பா புதுச்சேரிக்காரர். அவளுக்குக் கட்டுரை தண்ணீர்பட்ட பாடு, கணக்கு என்றால் காய்ச்சல். ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் செய்வதெல்லாம் காப்பி போடுவதும் அதட்டுவதும்தான்.

மக்கு மாணவன் வேஷம் ரோஜேக்கு. பாடத்தை அவருக்குப் புரியவைத்தால்தான் அடுத்த பாடம். அவர் வேண்டுமென்றே அசட்டுக் கேள்வி கேட்பதாகச் சொல்கிறார். வேண்டுமென்றே என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்து போகும்.

8 ஜூலை 1966

பரிதா பேர் இல்லை.

9 ஜூலை

நேற்று எழுத முடியவில்லை. இரண்டாவது வகுப்பு முடிவில் ஒரு அரசாங்கப் பரீட்சை, ஒன்றாவது முடிவில் இன்னொன்று. முதலாவதைத் தாண்டாமல் ஒன்றாவதில் கால் வைக்க முடியாது. பொலேத் தேறிவிட்டாள். பரிதா கட்டுரையில் விழுந்துவிட்டாள். பாழாய்ப்போன கட்டுரை! இவளால் எந்த ஊர்க் கணக்கையும் போட முடியும், ஆனால் செவ்வந்திப் பூவைப் பற்றி நாலு பக்கம் எழுதத் தெரியாது என்பதற்காக ஒரு வருஷத்தைப் பிடுங்குவார்களா?

மஸ்தான் பாய் முகத்தில் எப்படி முழிப்பேன்? நான் அல்லவா வாக்குக் கொடுத்தேன்.

10 ஜூலை, ஞாயிறு

அவரே வந்தார். பரிதா பின்னால் நின்றாள், கண் வீங்கியிருந்தது. நான் முந்திக்கொண்டு ஆகஸ்டில் மறுபரீட்சை இருப்பதைச் சொல்லி, கெஞ்சவே ஆரம்பித்துவிட்டேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வருசம் தவறுனாத்தானே கடைன்னேன், மதாம். வருசம் இன்னும் முடியலையே."

மறுபரீட்சைவரை அவளைக் கடைப் பக்கமே விடப்போவதில்லையாம். கடைக்கு ஆள் போட்டுவிட்டாராம். போகும்போது பொலேத்திடம், தனியாகக் கூப்பிட்டு, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல, "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார். விடுமுறை முழுவதும் வருவதாக அவள் சொல்லியிருக்கிறாள்.

அவர் போனபின் அடுக்களையில் போய் அழுதேன். ரோஜே பார்த்தும் கிண்டல் செய்யவில்லை.

16 செப்டம்பர் 1966

தேறினாள்! கட்டுரையில் மயிரிழையில்தான். போதும். ஒன்றாவதில் சேர்ந்தாயிற்று.

14 ஜூலை 1967

இரண்டு பேரும். இரண்டு பேருமே! ஒரு வருஷம்கூடத் தவறாமல், சேர்ந்தவர்களோடு சேர்ந்தே முடித்தார்கள். ரோஜே தானும் தேறிவிட்டதாகச் சொல்லி ஒயின் பாட்டிலைத் திறந்தார்.

17 செப்டம்பர் 1967, ஞாயிறு

பரிதா விஞ்ஞானக் கல்லூரியில், பொலேத் சட்டத்தில். இன்று மேசை காலி என்று நினைத்து, நிம்மதியாகக் கோழிக்குழம்பு வைத்தேன்.

கதவு தட்டும் சத்தம். தெரியாத ஒரு மனிதர், பக்கத்தில் பின்னல் போட்ட பெண். பள்ளிவாசல் தெருவில் பீங்கான் கடை வைத்திருக்கிறாராம். மகளுக்கு நாலாவது முடிந்து, நிறுத்திவிடுவதாக இருந்தாராம். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். மஸ்தான் பாய்தானாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பிடித்துவைத்துச் சொன்னாராம்:

"எம் மக ஒரு வருசங்கூடப் பெயிலாகல. நாந்தான் நாலு வருசம் பெயிலு. நீயும் ஆகாதே."

குழம்பை ரோஜே அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். அந்தப் பெண் கணக்கில் கொஞ்சம் மந்தம், ஆனால் கேள்வி நன்றாகக் கேட்கிறாள்.