சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றவருக்கு

பரணைக் காலி செய்யும்போது அந்தக் குடை அகப்பட்டது. குடை என்று சொல்வதே தப்பு. துணி கிடையாது, கம்பிகளும் வளைந்த பிடியும்தான். மில் இடத்தை யாரோ வாங்கிவிட்டார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் லைன் வீடுகளையெல்லாம் காலி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண், "இதெல்லாம் எதுக்குங்கக்கா, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுரலாங்க" என்றாள். வெடுக்கென்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அதன் துணியைக் கத்தரித்தவர் நீங்கள்.

தொண்ணூற்றொன்பதில், தேர்தலுக்கு முந்தின வாரம். ஒருநாள் சாயங்காலம் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், என் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு குடையை உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ரங்கசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"கடையில கருப்புத் துணி தீந்துபோச்சு அம்மணி. லைன்ல எல்லா ஊட்லயும் கொடி ஏறுது. சங்கத் தலைவர் ஊட்ல இல்லீன்னா நல்லாவா இருக்கும்?"

"மழ வந்தா உங்க கொடியையா புடிச்சுட்டுப் போறது?"

"எலக்சன் முடியட்டும். புதுக் கொடையே வாங்கித் தாரேன்."

வாங்கித் தரவேயில்லை. நானும் விடாமல் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் நம் லைன் இருந்த இருப்பு இருக்கிறதே! காரமடையைத் தாண்டி நம் மில் சங்கு ஊதினால் அரை ஊர் எழுந்துகொள்ளும். அந்தச் சங்கு நின்றுபோய் மூன்று வருஷமாகியிருந்தது. மத்திய சர்க்கார் நடத்திய மில். பஞ்சு வாங்கவும் மிஷினை ஓட்டவும் டெல்லி உத்தரவு வேண்டும். உத்தரவு போட வேண்டியவர்களோ மாதத்துக்கு ஒருத்தராக மாறிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றேழில் நீங்களும் ரங்கசாமி அண்ணனும் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, நான் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு டெல்லிக்கு ரயிலேறினீர்கள். மந்திரியே மனுவைக் கையில் வாங்கி, திறந்துவிடலாம் என்று சொன்னாராம். திரும்பி வந்து கோவை ஜங்ஷனில் இறங்கிப் பேப்பர் வாங்கினால் அந்த ஆட்சியே இல்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது சிரித்தீர்கள். "நாங்க எறங்கறதுக்குள்ள அவுரு எறங்கிட்டாரு அம்மணி." சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் இருபது வருஷம் தின்ற பஞ்சுத் தூசி அது.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு ஓட்டின் மேலேயே வெறுப்பு வந்தது. மூன்றரை வருஷத்தில் மூன்றாவது தேர்தல். பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் லைனே கூடியிருந்தது. உங்களுக்கு மைக் என்றால் கேட்க வேண்டுமா? மைக் இல்லாமலே மைக் பிடித்த மாதிரிதான் பேசுவீர்கள். அன்றைக்கு மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"அவுங்க ஆளட்டுமுங்க. நம்மள வெச்சு ஆளட்டும், வெக்காம ஆளட்டும். ஆனா நம்ம பேரச் சொல்லி ஆளக் கூடாது. நாம அனுப்புன ஆளுன்னு ஒருத்தரும் டெல்லியில ஒக்காரக் கூடாது. பொட்டியத் தொறந்தா ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்க."

யாரும் கை தட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். நம் பள்ளிக்கூடத்து பூத்தில் சைபர் என்று பேப்பரில் வந்தால், எந்த ஆட்சி வந்தாலும் ஒரு பெரிய அதிகாரியாவது ஓடிவந்து என்ன ஏது என்று கேட்பார் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது, அது உங்களுக்கும் தெரியும்.

தொண்ணூற்றாறில் என் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள். நூல் சுற்றுகிற ரீலிங்கில் ஷிப்ட் முடிந்து, முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு மத்தியானம் போனேன். அங்கே இருந்தவர் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு காலைலயே போட்டாச்சுங்களேம்மா" என்றார். என் பேர், உங்கள் பேர், வீட்டு நம்பர் எல்லாம் சரியாக இருந்தது, நான்தான் இல்லை. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு ஓட்டுத்தானே அம்மணி, உடு. அதுலயா டெல்லி கவுந்துபோகுது?"

தொண்ணூற்றொன்பது சித்திரையில் ரங்கசாமி அண்ணன் வீட்டு டிவியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோமே, அன்றைக்குப் பார்லிமெண்டில் டெல்லி ஆட்சி கவிழ்ந்தது. ஒரே ஓட்டில். வீடே கத்திக் கூச்சல் போட்டது. நான் டிவியைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு கூரையைப் பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்ததும், "கவுந்துபோச்சுங்களா?" என்றேன். அன்று ராத்திரி சோற்றை நீங்களே போட்டுக்கொண்டீர்கள்.

அதனால்தான் தேர்தலுக்கு முந்தின நாள் சொன்னேன், நான் போகிறேன் என்று.

"நாம போகலீன்னா நம்ம ஓட்டு சும்மாவா கெடக்கும்? யாராச்சும் போட்டுப்போடுவாங்க. ஒருக்கா எம்பேரத் திருட்டுக் குடுத்தது போதுமுங்க. எம்பேருக்கு நேரா நானே கையெழுத்துப் போட்டுட்டு வாரேன்."

நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "ஊரே என்னையக் கேக்குமே அம்மணி?" போகாதே என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை போகாமல்கூட இருந்திருப்பேன்.

மறுநாள் லைன் தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரும் தெருவில் இறங்கவில்லை. வீட்டுக்கு வீடு கருப்புக் கொடி. புரட்டாசி நெருங்கியும் வெயில் குறையவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் ஏதோ சத்தம். திரும்பினால், வாசல் தூணில் சொருகியிருந்த கொடியை உருவிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள்.

"ஏனுங்க, நீங்க எங்கீங்க?"

"வெய்யலு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். கொடியைக் குச்சியோடு என் தலைக்கு மேலே பிடித்தீர்கள். குடைத்துணி அல்லவா, நல்ல நிழல் கொடுத்தது. அப்படியே தெரு முழுக்க நடந்தோம். ஒவ்வொரு வாசலாக நம்மைப் பார்த்தது. நான் தலை குனியவில்லை. ரங்கசாமி அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, "ஏப்பா, இதென்னப்பா?" என்றார். நீங்கள் நடையை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு கிழித்திருந்தார்கள். அதற்கு இப்பால் நின்றுகொண்டீர்கள். "போய்ட்டு வா. நான் தாண்ட மாட்டேன்" என்றீர்கள்.

உள்ளே அதிகாரிகள் காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் கல்யாண வீட்டில் மாதிரி எழுந்தே விட்டார்கள். "வாங்கம்மா, வாங்க. நீங்கதான் மொதல்ல." கையெழுத்துப் போட்டேன். என் பேருக்கு நேரே, என் கையால். விரலில் மை வைத்தார்கள். சீட்டைக் கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனேன். அங்கே நடந்ததைத்தான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும்தான். சொல்கிறேன், இருங்கள்.

மறுநாள் பேப்பரில் நம் பூத்தில் ஒரு ஓட்டுப் பதிவானதாகப் போட்டிருந்தார்கள். அவ்வளவு பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வைத்த சைபர் போயிற்று. அன்று சாயங்காலம் சங்கக் கமிட்டிக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். ரங்கசாமி அண்ணன்தான் முன்னால் நின்றார். "ஆருக்குப் போட்டாங்கன்னு அம்மணி சொல்லிப்போடட்டும். எந்தக் கட்சி காசு குடுத்துச்சுன்னு தெரியணுமில்ல" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கோபத்தில் வெளியே வர ஒரு அடி எடுத்து வைத்தேன். நீங்கள் நிலைப்படியில் குறுக்கே கையை வைத்துக்கொண்டீர்கள்.

"அவ ஓட்டு அவளுது. அதத் தடுக்கறதுக்கும் துருவிக் கேக்கறதுக்கும் நானென்ன கவர்மெண்டா?"

"அப்பத் தலைவருன்னு எதுக்கு இருக்கறீங்க?"

நீங்கள் உள்ளே வந்து, கொடியை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தீர்கள். "இனி நீங்க புடிங்க." சத்தமே இல்லாமல் சொன்னீர்கள். இருபது வருஷம் ஒரே தட்டில் தின்ற மனுஷர். அதோடு அவர் நம் வாசலை மிதிக்கவில்லை.

அவர்கள் போனதும் நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "ஏனுங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் அங்க..." என்று ஆரம்பித்தேன். சட்டென்று கையை நீட்டித் தடுத்தீர்கள். "வேண்டாம் அம்மணி. எங்கிட்டச் சொன்னா, நாளைக்கு அவுங்க கேக்கறப்ப என் வாயி சும்மா இருக்காது. அது உன்னோடயே இருக்கட்டும்." எவ்வளவு கெஞ்சினேன்! அப்புறம் ஆஸ்பத்திரியில், மூச்சுக்குத் தவித்துக்கொண்டு படுத்திருந்தபோதும் உங்கள் காதருகே குனிந்து அதையே எடுத்தேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள். "இன்னுமா அதத் தூக்கிச் சொமக்கற?" என்று கேட்டுவிட்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

மில் திறக்கவேயில்லை. எந்த அதிகாரியும் வரவில்லை. சைபர் வந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள் என்று என் அறிவு சொல்கிறது. ஆனால் லைனில் அப்படி நினைத்தவர்கள் யாருமில்லை. அந்த ஒரு ஓட்டால்தான் எல்லாம் கெட்டது என்று, கல்யாணம் கருமாதி என்று போன இடத்திலெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிறகு கிடைத்த வாட்ச்மேன் வேலைக்குத் தனியாகவே போய்த் தனியாகவே வருவீர்கள். டீக்கடைப் பக்கம் போவதை விட்டீர்கள். பேச ஆள் இல்லாமல் என்னிடம் வந்து அரசியல் பேசுவீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே எதிர்த்துப் பேசுவேன். உங்களுக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் நின்று பேசின மனுஷர், அடுப்படியில் எத்தனை நாள்தான் பேசுவீர்கள்?

உங்கள் சாவுக்கு ரங்கசாமி அண்ணன் வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். தூக்கிக்கொண்டு போன பிறகு என்னிடம் வந்து, "அன்னைக்கு அந்த ஒரு ஓட்டு மட்டும் உழுகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் அழுதார். அப்போதே சொல்லியிருக்கலாம். உங்களிடம் சொல்லாததை அவரிடம் முதலில் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது கேளுங்கள். இனித் தலையைத் திருப்ப முடியாது உங்களால்.

யாருக்குப் போடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தும் விட்டேன். அந்த நேரம் ஜன்னல் வழியாக உங்கள் இருமல் கேட்டது, எட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே, அந்த வெயிலில், எனக்காகப் பிடித்த கொடியை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டு இருமிக்கொண்டிருந்தீர்கள். சீட்டில் இருந்த சின்னங்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். இதில் யாருக்கு அந்த இருமலின் அர்த்தம் தெரியும் என்று தோன்றியது. என் பேரைத்தான் காப்பாற்றியாகிவிட்டதே. கட்டையைக் கீழே வைத்தேன். சீட்டை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றுமே இருக்கக் கூடாது என்றீர்களே. நம் பெட்டியில் ஒன்றுமே இல்லை, வெறும் சீட்டுதான். எண்ணுகிற இடத்தில் மற்றப் பெட்டிகளோடு கொட்டிக் கலந்தபோது, செல்லாதது என்று யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள். ஒரு வார்த்தை என்னைச் சொல்ல விட்டிருந்தால் உங்கள் கொடி உங்கள் கையிலேயே இருந்திருக்கும். ரங்கசாமி அண்ணன் நம் வாசலிலேயே இருந்திருப்பார். அதை நினைத்தால் உங்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கேட்கச் சொல்லிக் கெஞ்சினேனே, ஏனுங்க, கேட்டிருந்தால் என்ன?

சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. நாளைக் காலையில் வண்டி வருகிறது. புது வீட்டில் பரண் கிடையாதாம், பழசையெல்லாம் கழித்துவிடுங்கள் என்கிறார்கள். பாத்திரம் பண்டம் வண்டியில் வரட்டும். குடையை நான் கையிலேயே எடுத்துக்கொண்டு நடந்து போகிறேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், துணியில்லாத குடையை எதற்கு இந்தக் கிழவி பிடித்துக்கொண்டு போகிறாள் என்று.

வெயிலுக்குத்தான்.