கொண்டையில் வந்த கொடி

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். உடம்புக்கு இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் கொஞ்சம், அதுவும் எனக்கு மட்டும். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ கேட்டபோது உன் அப்பா முந்திக்கொண்டு "எல்லாம் ஜோரா போச்சும்மா" என்றாரே, அதை நம்பாதே. அவர் பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாது என்றுதான் கடிதம்.

உன் பால்கனியில் ஊதாப்பூக் கொடி இருக்கிறதே, அதில் ஒரு துண்டு குறைந்திருப்பதை இதற்குள் பார்த்திருப்பாய். நான்தான். தினமும் காலையில் நீ காபியோடு அதன் பக்கத்தில் நின்று, ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேலைக்குப் போவாய். நம் சமையலறை ஜன்னலிலும் அது இருந்தால், நீ பேசியதைக் கேட்ட ஒன்று என் பக்கத்தில் இருக்குமே என்று ஓர் ஆசை. நீ குளிக்கப் போன நேரம் பார்த்து வெட்டி, ஈரப் பஞ்சு சுற்றி, கொண்டைக்குள் செருகிக்கொண்டேன். கத்திரிக்கோல் எடுத்துக் கொடுத்ததே உன் அப்பாதான், இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். விமானம் முழுக்கத் தலையைச் சாய்க்காமல் சிலை மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

இங்கே இறங்கியதும் சுங்கச் சோதனையில் இரண்டு வழி. சொல்ல ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்குச் சிவப்பு. நான் பச்சைப் பக்கம் காலை வைத்தேன். உன் அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர் ஆயிற்றே, "சிவப்பைப் பாத்துட்டு நிக்காமப் போற பழக்கம் நமக்கில்ல" என்று பெட்டியை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஓர் அதிகாரிப் பெண், உன் வயதுதான் இருக்கும். அவள் கேட்பதற்கு முன்பே இவர், நாம் கடற்கரையில் தங்கிய ஹோட்டலின் சோப்பு, ஷாம்பு, சர்க்கரைப் பொட்டலம், விமானத்தில் கொடுத்த காலுறை என்று ஒவ்வொன்றாய் மேசையில் பரப்பி, "இதையும் எழுதிக்கோங்கம்மா" என்கிறார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதெல்லாம் பரவால்ல சார், எடுத்துட்டுப் போங்க" என்றாள். அத்தோடு கிளம்ப வேண்டியதுதானே? "அப்புறம் இவ கொண்டையில ஒரு குச்சி இருக்கு" என்றார்!

அத்தனை பேர் பார்க்க நான் கொண்டையை அவிழ்த்தேன். மண், விதை, செடி எதுவும் சான்றிதழ் இல்லாமல் வரக்கூடாதாம், அதில் பூச்சியோ நோயோ ஒட்டிக்கொண்டு வந்தால் இங்கே உள்ள பயிருக்கெல்லாம் கேடாம். அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் கொடியைப் பையில் போட்டு மூடியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் அப்பாவின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது என்ன என்று கேட்டாள். நீ கூட்டிப்போன கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கல். அது கல் இல்லையாம், பவளமாம், அதுவும் கூடாதாம். "கரையில சும்மா கெடந்ததும்மா" என்று அவர் முழித்த முழி இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வீட்டுக்கு வந்தும் நான் பேசவில்லை. மறுநாள் அவரே நர்சரிக்குப் போய் அதே ஊதாப்பூக் கொடியை வாங்கி வந்து, "இதுக்கா இந்த அழுகை? நம்ம தெருமுனையிலயே விக்கிறான்" என்றார். இவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது. இப்போது தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் வாசலில் நிறுத்திப் பவளம், மண், விதை என்று பாடம் எடுக்கிறார். கத்திரிக்கோல் விஷயம் மட்டும் அந்தப் பாடத்தில் வராது.

லீவில் வரும்போது எனக்கென்று கொடி, விதை எதையும் மறைத்துக் கொண்டுவராதே. வெறுங்கையோடு பச்சை வழியில் வந்தால் போதும். எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி கண் விழிக்காதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

நர்சரிக் கொடியை ஜன்னலில்தான் வைத்திருக்கிறேன். அது உன் குரலை இன்னும் கேட்டதில்லை. அதனால் இனி போனை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பேசுவேன். ஏன் ஸ்பீக்கரில் போடுகிறாய் என்று கோபிக்காமல், கொஞ்சம் சத்தமாகப் பேசு.

ஆசிகளுடன்,
உன் அம்மா