நான் நீக்கிய கடைசி வரி

அன்பு மகளுக்கு,

இன்று காலை பத்தரைக்குச் சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னது இது: அம்மாவின் இடது பாதப் புண்ணிலுள்ள கிருமி இன்னும் எலும்பைத் தொடவில்லை, ஆனால் தசையில் மேலே பரவுகிறது. நேற்று நீ தொலைபேசியில் கேட்டபோது அம்மா அருகில் படுத்திருந்ததால் ஒன்றுமில்லை என்றேன்.

போன மாதம் நீர்வேலி வாழைத்தோட்டத்தில் அம்மாவின் காலில் துருவேறிய கறள் கம்பி குத்தியது. நீரிழிவால் அவருக்கு வலி தெரியவில்லை. கிளினிக்குக்குப் போகாமல், கிணற்றடிக் கற்றாழையைப் பிளந்து மூன்று கிழமையாக எனக்குத் தெரியாமல் வைத்துக் கட்டியிருக்கிறார். கற்றாழையிலிருந்து புண்ணுக்கு ஜெல் கட்டுத் தயாரிக்கிறார்கள் என்று நான் எழுதிய செய்தியைப் படித்துத்தான் அப்படிச் செய்தாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்தினேன்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் எழுதினது பிழையாய்ப் போகுமே?” என்றார்.

ஆய்வுகூடத்தில் கிருமி நீக்கித்தான் அதைச் செய்வார்கள், வீட்டுக் கற்றாழையைப் புண்ணில் வைக்கவே கூடாது என்று அந்தச் செய்திக்காக நான் பேட்டி கண்ட பேராசிரியர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். பத்திரிகையில் இடம் போதாமல், அதைச் சொன்ன கடைசி வரியை நீக்கியது நான்தான். அம்மாவுக்கு இது தெரியாது.

நேற்று அழுகிய தசையை அகற்றி, கண்ணாடி போன்ற ஜெல் கட்டு ஒன்றை ஒட்டினார்கள். அம்மா தாதியிடம், “பிள்ளை, உந்தக் கற்றாழையைத்தானே நானும் வைச்சனான்! இந்த மனுசன் ஏன் கத்தினதெண்டு கேள்” என்று சிரித்தார். நான் வெளியே போய் நின்றேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கட்டை அவிழ்ப்பார்கள். பாதம் தப்புமா, கணுக்காலோடு எடுக்க வேண்டுமா என்பதை அப்போது சொல்வார்கள். நான் நீக்கிய அந்த வரியைப் பற்றி அம்மாவிடம் வியாழக்கிழமையே சொல்லிவிடுவேன்.

அப்பா