நாலாவது படியில் உன் நிறம்

இன்று காலை மறுபடியும் உன் நிறத்தைப் பார்த்தேன். இணையத்தில் நம் கையேட்டின் பழைய பக்கத்தைத் திறந்தால், நாம் எழுதிய வரிகளுக்குப் பின்னால் அவரவர் நிறம் இன்னும் படிந்து கிடக்கிறது. என்னுடையது வெளிர்பச்சை. உன்னுடையது கருப்பட்டி. முதல் நாள் நிறம் கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வந்தபோது நாங்கள் எல்லோரும் கைக்கு வந்ததை அமுக்கிவிட்டு எழுதப் போய்விட்டோம். நீ மட்டும் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. "உடன்குடிக் கருப்பட்டி வரணும்டி, இது வெல்லமால்லா இருக்கு" என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் பிடித்ததைப் போட்டால், அதன்மேல் எழுத்தே தெரியவில்லை. நான் திட்டிய பிறகுதான் பால் ஊற்றியதுபோலக் கொஞ்சம் வெளுக்க வைத்தாய்.

அந்தப் பக்கம் இருக்கிற சர்வரை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்களாம். கையேட்டை வேறு எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்கிற வேலையைக் குழுவில் என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கே போனாலும் எழுத்து கூடவே வரும், நிறம் வராது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இப்போது உன் நிறமும் போகப்போகிறது என்றால் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இதே கேள்வியில்தான் நாம் முதலில் சண்டை போட்டோம். மேலப்பாளையத்தில் உன் கல்லூரி நூலகம், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி. நூலகங்களுக்கான மென்பொருள் தயாராகிவிட்டது. காசு வேண்டாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்த்து மாற்றவும் செய்யலாம். தமிழில் ஒரு கையேடு மட்டும்தான் இல்லை. மென்பொருளுக்கு நிரல் எழுதியவர்களில் ஒருத்தி நான், அதை வைத்துத் தினமும் மல்லுக்கட்டுகிற நூலகர் நீ. கையேட்டை, நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்துகிற 'கிட்'டில் எழுதலாம் என்று நான் சொன்னேன். அதில் யார் எதை மாற்றினாலும் பதிவாகும், ஒருவர் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் கையேட்டில் சேரும். நீ அவரவர் நிறத்தில் எழுதுகிற 'பேட்' என்கிற இணையப் பக்கம்தான் வேண்டும் என்று நின்றாய். முகவரி தெரிந்தால் போதும், யாரும் உள்ளே வந்து எழுதலாம், ஒருவர் எழுதுவது அந்த நிமிடமே மற்றவருக்குத் தெரியும்.

"ஏட்டி, சாத்தான்குளம் லைப்ரரி அக்கா ஒரு எழுத்துப் பிழையத் திருத்தணும்னா முதல்ல கணக்குத் தொடங்கணும், பாஸ்வேர்டு வைக்கணும், பெறவு ஒன்கிட்ட அனுமதி கேட்டு வாசல்ல நிக்கணும். அவ எதுக்குட்டி வரப்போறா?"

"திறந்து போட்டா எவனாவது வந்து அழிச்சுட்டுப் போவான்."

"அழிச்சா அழிக்கட்டும். பழசெல்லாம் உள்ளதான இருக்கு, எடுத்துக்கிடலாம். நீ என்னமோ பேங்க் லாக்கர் கட்டுத மாதிரில்லா பேசுத!"

இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே அந்தப் 'பேட்'டைத் திறந்து, முகவரியை எனக்கு அனுப்பி, "வந்தா வா" என்று மட்டும் எழுதியிருந்தாய். வந்தேன், வேறு என்ன செய்ய?

அப்புறம் அந்த ஷார்ஜா பரீட்சை. எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் ஷார்ஜாவில் இருக்கிற உன் வீட்டுக்காரருக்குப் போனில் வாசித்துக் காட்டாமல் விடமாட்டாய். அங்கே கிடங்கில் கணினி முன்னால்தான் அவருக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் நம் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ வாசிக்கிறதை மட்டும் செய்வார். "அவ்வொளுக்கு லைப்ரரியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுட்டி, அதான் நமக்கு வேணும்" என்பாய். அவர் தப்பான இடத்தில் அமுக்கினால் தப்பு வாக்கியத்தின்மேல்தான், அவர்மேல் இல்லை. அது உன் சட்டம். ஒருநாள் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாய். "கல்யாணம் ஆன புதுசுலகூட இவ்வளவு நேரம் பேசினதில்ல, தங்கச்சி. இப்ப பேசுததெல்லாம் அடுத்து எதை அமுக்கணும்னுதான்" என்று அவர் என்னிடம் முறையிட்டார். நீ துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "சரி சரி, அடுத்த படி வாசி" என்றார் அவர். தினமும் அவர் சொல்கிற வார்த்தை அதுதான்.

நாலாவது படியில் நாம் அடித்த கூத்து உனக்கு நினைவிருக்கும். திரும்பி வந்த புத்தகத்தைப் பதிவு செய்வது எப்படி என்கிற படி அது. "திரும்பப் பெறப்பட்ட நூலின் பட்டைக்குறியீட்டை உள்ளீடு செய்து உறுதிப்படுத்தவும்" என்று நான் எழுதினேன். அதற்குக் கீழே நீ எழுதினாய்: "பின்னட்டையில் இருக்கிற கோட்டுப் பட்டையைக் கருவியின் வெளிச்சத்தில் காட்டுங்கள். டிக் என்று சத்தம் வந்தால், புத்தகம் வீடு வந்து சேர்ந்துவிட்டது." இது கையேடா கதையா என்று நான் கேட்டேன். உன்னுடையது கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாய். அன்று முறைத்துக்கொண்டேதான் பிரிந்தோம்.

டவுனுக்குத் திரும்புகிற பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது எனக்கு மனசு இளகிவிட்டது. தாமிரபரணியில் அன்று நல்ல தண்ணீர். போகட்டும், அவளுடையதே இருக்கட்டும் என்று போனிலேயே பக்கத்தைத் திறந்து என் வாக்கியத்தை அழித்துவிட்டு மூடினேன். அதே நேரத்தில் நீயும் மனம் இளகி உன்னுடையதை அழித்திருக்கிறாய். இரண்டு பேரும் பெருந்தன்மையாக நடந்துகொண்ட நிம்மதியில், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுவாரம் சாத்தான்குளம் அக்கா உனக்குப் போன் செய்தார். "ஏம்மா, மூணாவது படிக்கு அடுத்தாப்ல அஞ்சாவதுல்லா வருது! வந்த புஸ்தகத்த வாங்கணுமா வேண்டாமான்னு தெரியாம மேசையில அடுக்கி வச்சிருக்கேன். எனக்கு உக்கார இடமில்ல." நீ சிரித்த சிரிப்பில் எனக்கு விஷயமே புரியவில்லை. பிறகு பழைய பதிவுக்குப் போய் இரண்டையும் மீட்டுக் கொண்டுவந்தோம். எதை வைப்பது என்று கேட்டேன். "ரெண்டும் கெடக்கட்டும்டி. இனிமே ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்க வேண்டாம், ஊரு தாங்காது" என்றாய். அப்படித்தான் ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு வாக்கியங்கள், பச்சையும் கருப்பட்டியுமாக, நாலாவது படியிலேயே நின்றுவிட்டன. எத்தனையோ பேர் சுட்டிக்காட்டியும் நாம் தொடவில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதும், மூச்சு வாங்க வாங்க, "புதுசா யாராவது வந்து எழுதுனாங்களா?" என்றுதான் கேட்டாய். யாரும் வரவில்லை. வந்தார்கள் என்று சொன்னேன்.

இப்போது குழுவில் எல்லோரும் கிட்டுக்கே போகலாம் என்கிறார்கள். "நீங்க அப்பவே கேட்டதுதானேக்கா" என்கிறார்கள். கேட்டதுதான். இன்று எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. உன் நிறத்துக்காக முரண்டு பிடிக்கிறேனா, கையேட்டுக்காகவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் உன் பரீட்சையையே வைத்துப் பார்த்தேன். ஷார்ஜாவுக்குப் போன் செய்தேன், சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான்.

கிட்டில் ஒரே ஒரு சொல்லைத் திருத்துவது எப்படி என்று படிப்படியாக வாசித்தேன். கொஞ்ச தூரம் வந்தார். "தங்கச்சி, இங்க என்னமோ இங்கிலீஷ்ல கேக்குது. நான் எதையும் அமுக்கல, பயமா இருக்கு" என்று நின்றுவிட்டார். பிறகு விக்கியைத் திறக்கச் சொன்னேன். அதில் யாரும் உள்ளே வந்து திருத்தலாம், திருத்தியதும் பதிவில் இருக்கும். நீ கேட்டதும் இருக்கிறது, நான் கேட்டதும் இருக்கிறது. இத்தனை நாள் இது ஏன் நம் கண்ணில் படவில்லையோ! அவர் மளமளவென்று சொல்லைத் திருத்தி, சேமித்து, "ஆயிட்டு!" என்றார். முடிவாகிவிட்டது, விக்கிதான்.

அப்போதுதான் கேட்டார். "அவ கலரு இதுல வருமா?"

"வராதுண்ணே."

கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் வருகிற பீப் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "சரி. அடுத்த படி வாசிம்மா" என்றார். என்னால் வாசிக்க முடியவில்லை. அவரும் போனை வைக்கவில்லை.

இன்று காலையிலிருந்து பக்கம் பக்கமாக நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். குழுவில் இருக்கிற பிள்ளைகள் ஒரு சின்ன நிரல் எழுதி ஒரேயடியாக மாற்றித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். உன் வாக்கியங்களை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் வைக்கிறேன். இப்போதெல்லாம் என் அலுவலகக் கடிதத்தைக்கூட வாய்விட்டு வாசிக்காமல் அனுப்ப முடிவதில்லை, அப்படிக் கெடுத்து வைத்திருக்கிறாய்.

சற்று முன்பு நாலாவது படிக்கு வந்தேன். புது இடத்தில் பச்சையும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே விஷயம் இரண்டு தடவை எதற்கு என்று தோன்றும். என் வாக்கியத்தை அழித்தேன். பழக்கதோஷம், கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அந்தப் பக்கம் யாரும் எதையும் அழிக்கவில்லை.

டிக் என்று சத்தம் வந்தால், புத்தகம் வீடு வந்து சேர்ந்துவிட்டது.